வழியின் களைப்பும் களத்தின் தேர்வும்



தமிழ் மரபில் வழிப்பயணத்துக்கென்றே ஒரு திணை உண்டு. பாலைப் பாடல்கள், பொருள் தேடிப் பிரிந்தவன் சென்று சேரும் ஊரைப் பற்றி மிகுதியாகப் பேசுவதில்லை. அவன் கடக்க வேண்டிய சுரத்தைப் பற்றியும், நீரற்ற வழியைப் பற்றியும், வீட்டில் நாள் எண்ணி இருப்பவளைப் பற்றியுமே பேசுகின்றன. செல்லும் வழி செல்பவனை என்ன செய்கிறது என்பதே அங்கு முதன்மை பெறும் கேள்வி. அதே கேள்வி இன்று உலகக் கால்பந்தாட்டத்தின் நடுவே வந்து நிற்கிறது. ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடிப் பொருள் ஈட்டும் ஆட்டக்காரர், கொரியாவிலோ ஜப்பானிலோ பிரேசிலிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள தம் நாட்டுக்காக ஆடுவதற்கு, ஆண்டுக்குப் பலமுறை கண்டம் தாண்டிச் சென்று திரும்புகிறார். திடலில் அவரைக் காண்போர் 90 நிமிட ஆட்டத்தை மட்டுமே காண்கிறார்கள். அவர் வந்த வழியை அவருடைய உடல் ஒன்றே அறியும்.

அந்த உடலைக் கொண்டு, இவரை இன்று களம் இறக்கலாமா, அமர்த்தி வைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் இருவர். நாட்டு அணியின் பயிற்சியாளர் ஒருவர்; ஊதியம் தரும் கழகத்தின் பயிற்சியாளர் மற்றொருவர். இருவரும் ஒரே உடலைத்தான் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தொலைவின் விலையை யார் கொடுப்பது என்று இருவரும் வாதிடுகிறார்கள். அந்த விலையைக் கொடுப்பவரோ பெரும்பாலும் மூன்றாமவரான ஆட்டக்காரர். இவ்வுரை அந்த விலையைப் பற்றியது.

கப்பலில் சென்ற காலம்

முதல் உலகக் கோப்பைப் போட்டி 1930இல் உருகுவே நாட்டில் நடைபெற்றது. ஐரோப்பாவிலிருந்து சென்றவை பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா, யுகோஸ்லாவியா ஆகிய நான்கு அணிகளே. அவற்றுள் முதல் மூன்றும் ‘கோன்ட்டே வெர்டே’ என்னும் ஒரே கப்பலில் பயணம் செய்தன. கோப்பையும், அதைத் தோற்றுவித்த ஜூல் ரிமேயும் அதே கப்பலில் இருந்தனர். வழியில் ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் அணியும் ஏறிக்கொண்டது. ஜூன் மாதப் பிற்பகுதியில் புறப்பட்ட கப்பல் ஜூலை 4ஆம் நாள் மொன்டெவிடியோவை அடைந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் ஆட்டக்காரர்கள் கப்பலின் மேல்தளத்தில் ஓடியும் உடற்பயிற்சி செய்தும் தங்களைக் காத்துக்கொண்டனர்.

அன்றே பயணம் அணித் தேர்வில் கை வைத்துவிட்டது. போக, வர, ஆட என்று இரண்டு மாத அளவு விடுப்புத் தேவைப்பட்டது. ஆட்டக்காரர்களோ வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்கள். ருமேனிய ஆட்டக்காரர்களுக்கு விடுப்புக் கிடைப்பதற்கு அந்நாட்டு மன்னர் இரண்டாம் கரோலே தலையிட வேண்டியிருந்தது. திறமையால் தேர்வு பெறுவது ஒரு படி. வழிக்கான நாட்களைப் பெறுவது அடுத்த படி. இரண்டும் கைகூடியவரே கப்பல் ஏற முடிந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து இத்தாலியில் நடந்த போட்டிக்குப் பிரேசில் கடல் கடந்து வந்தது. ஜெனோவா நகரில் 1934 மே 27ஆம் நாள் ஸ்பெயினிடம் 3-1 என்று தோற்றது. அது நேரடி வெளியேற்ற முறையில் நடந்த போட்டியாகையால், அந்த ஒரே ஆட்டத்தோடு பிரேசில் ஊர் திரும்பியது. அர்ஜென்டினாவும் அதே நாளில் சுவீடனிடம் தோற்று, ஒரே ஆட்டத்தோடு திரும்பியது. 1950இல் நிலைமை தலைகீழாயிற்று. முந்தைய ஆண்டு மே 4ஆம் நாள், டூரினோ கழகத்தின் ஆட்டக்காரர்களை ஏற்றி வந்த விமானம் சூப்பர்கா குன்றில் மோதி 31 பேர் மாண்டனர். இத்தாலிய அணியின் முதுகெலும்பாக இருந்தவர்கள் அவர்கள். அந்தத் துயரத்தின் நிழலில், நடப்புச் சாம்பியனான இத்தாலி பிரேசிலுக்குக் கப்பலிலேயே சென்றது. முதல் ஆட்டத்தில் சுவீடனிடம் 3-2 என்று தோற்று, முதற்சுற்றோடு வெளியேறியது.

இத்தோல்விகளுக்கெல்லாம் பயணம் ஒன்றே காரணம் என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் கப்பற்பயணத்தில் ஒரு நன்மை இருந்தது. கப்பல் மெல்லச் செல்வதால், பகல் இரவு மாற்றமும் மெல்லவே நிகழ்ந்தது. உடல் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளப் போதிய நாட்கள் கிடைத்தன. விமானம் வந்து அந்த இரண்டு வாரத்தைப் பன்னிரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. பயணம் சுருங்கிற்று, உடல் பழகுவதற்கு வேண்டிய நாட்கள் மட்டும் சுருங்கவில்லை. இன்றைய சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

உடலுக்குள் ஓடும் கடிகாரம்

மனித மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில், பகலிரவை அளந்துகொண்டிருக்கும் நரம்பணுக் கூட்டம் ஒன்று உள்ளது. உறக்கம், உடல் வெப்பம், பசி, சுரப்பிகளின் இயக்கம் ஆகியவற்றுக்கு அது நேரம் குறிக்கிறது. இக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

உடல் வெப்பம் விடியலுக்குச் சற்று முன்பு மிகத் தாழ்ந்தும், பிற்பகலிலிருந்து மாலைக்குள் மிக உயர்ந்தும் இருக்கும். தசையின் வலிமையும் விரைவும் பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கத்தையே பின்பற்றுகின்றன. எட்டு மணி நேர வேறுபாடுள்ள ஊருக்கு ஒருவர் பறந்து சென்றால், திடலின் கடிகாரம் இரவு 8 மணி காட்டும்போது அவருடைய உடலின் கடிகாரம் நண்பகல் 12 என்றே எண்ணிக்கொண்டிருக்கும். அன்றிரவு படுக்கையில் உறக்கம் வராது. மறுநாள் காலைப் பயிற்சியின்போது அவருடைய உடல் நள்ளிரவில் இருக்கும். ஒரு மணி நேர வேறுபாட்டைச் சரிசெய்ய உடலுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும் என்பது நெடுநாளாகக் கையாளப்படும் கணக்கு. பெரும்பாலோரின் இயற்கையான உடற்கடிகாரம் 24 மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுவது. ஆகவே நாளை நீட்டித் தரும் மேற்குப் பயணத்தை உடல் ஓரளவு எளிதாக ஏற்கிறது. நாளைக் குறுக்கும் கிழக்குப் பயணம் அதற்குக் கடினமாகிறது.

இது ஒரு வகைக் களைப்பு. இன்னொரு வகையும் உண்டு. லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரெய்லி, ஜிம் வாட்டர்ஹவுஸ் முதலானோர் 1990களில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டி எழுதினர். விமான அறையின் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு ஒப்பானது. அங்குள்ள காற்று மிகவும் வறண்டது. பல மணி நேரம் மடக்கியபடி வைத்திருக்கும் கால்கள் வீங்குகின்றன. முதுகும் இடுப்பும் இறுகுகின்றன. அமர்ந்தபடி உறங்கிய உறக்கம் உறக்கமாவதில்லை. இது பயணக் களைப்பு. ஓர் இரவு நன்றாக உறங்கினால் பெரும்பாலும் நீங்கிவிடும். முன்னதோ நாட்கணக்கில் நிற்பது. கண்ணில் விழும் ஒளியும் உறங்கும் நேரமுமே அதைச் சிறிது சிறிதாகத் திருத்தும்.

இந்த வேறுபாடு அணித் தேர்வுக்கு மிக இன்றியமையாதது. லண்டனிலிருந்து நைஜீரியா செல்லும் ஆட்டக்காரர் வடக்கிலிருந்து தெற்கே செல்கிறார். அவருக்குப் பகலிரவு மாறுவதில்லை. பயணக் களைப்பு மட்டுமே உண்டு. பிரேசில் செல்பவருக்கு மூன்று, நான்கு மணி நேர வேறுபாடுதான். அவரை வாட்டுவது திரும்பும் வழியில் இழக்கும் இரவு. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் செல்பவரோ இரு வகைக் களைப்பையும் சேர்த்தே சுமக்கிறார். மூவரும் கடந்த கிலோமீட்டர்களை மட்டும் கூட்டிப் பார்க்கும் தேர்வாளர் மூவரையுமே தவறாக மதிப்பிடுவார்.

சொந்த மண்ணே தொலைவாகும்போது

கால்பந்தாட்டத்தில் சொந்த மண்ணில் ஆடுவது அனுகூலம் என்பது பழைய நம்பிக்கை. பழகிய திடல், பழகிய தட்பவெப்பம், ஆரவாரிக்கும் மக்கள், பயணமின்மை ஆகியவை அதற்குக் காரணங்கள். ஐரோப்பாவில் ஆடும் ஆசிய ஆட்டக்காரரைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை தலைகீழாகிறது. அவருக்கு மேற்காசியாவில் நடைபெறும் வெளியூர் ஆட்டமே அருகில் இருப்பது. தாய்நாட்டில் நடைபெறும் ஆட்டமே தொலைவில் இருப்பது.

2021 செப்டம்பர் 2ஆம் நாள் ஜப்பானின் சுய்தா நகரில் நடந்த ஆட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் இறுதிக் கட்டம் அன்று தொடங்கியது. ஜப்பான் அணியில் ஐரோப்பியக் கழகங்களில் ஆடுவோர் பலர். ஆகஸ்டு 29 ஞாயிற்றுக்கிழமை வரை ஐரோப்பாவில் கழக ஆட்டங்கள் நடந்தன. வியாழக்கிழமை ஆட்டம். ஏழெட்டு மணி நேர வேறுபாட்டைக் கிழக்கு நோக்கிக் கடந்து வருவோர்க்கு, வந்து சேரும் நேரமும் போக எஞ்சியது மிகச் சிறிது. எதிரணியான ஓமானில் உள்நாட்டுக் கழகங்களில் ஆடுவோரே மிகுதி. ஒன்றாக நெடுநாள் பயிற்சி பெற்று வந்தவர்கள் அவர்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது ஓமான் கோல் அடித்து 1-0 என்று வென்றது. பெயர்ப் பட்டியலை மட்டும் ஒப்பிட்டிருந்தால் எவரும் எதிர்பார்க்க முடியாத முடிவு அது. ஜப்பான் பின்னர் மீண்டு, 2022 மார்ச்சில் சிட்னியில் ஆஸ்திரேலியாவை 2-0 என்று வென்று தகுதி பெற்றது. எனினும் சுய்தா ஆட்டம் ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. மூன்று நாளுக்கு முன் வந்து இறங்கிய சிறந்த ஆட்டக்காரரா, ஊரிலேயே உறங்கி எழுந்த அடுத்த நிலை ஆட்டக்காரரா?

தேர்வாளர் எவருக்கும் இது எளிய கேள்வியன்று. முன்னவரை அமர்த்தித் தோற்றால், சிறந்தவரை ஏன் அமர்த்தினாய் என்பார்கள். அவரை இறக்கித் தோற்றால், களைத்தவரை ஏன் இறக்கினாய் என்பார்கள். புகழ் பெற்ற பெயர் பட்டியலில் இருக்க வேண்டுமென்னும் அழுத்தம் மக்களிடமிருந்தும் வருகிறது. ஆகவே பெரும்பாலான பயிற்சியாளர்கள் பெயரையே தேர்கிறார்கள். உள்ளூர் ஆட்டக்காரர் தம் வாய்ப்பை இழக்கிறார். வந்தவரோ தம் முழுத் திறனைக் காட்ட இயலாமல் தம் பெயரின் ஒரு பகுதியை இழக்கிறார்.

சோனின் ஓராண்டு

இந்த இழுபறியைத் தம் உடலிலேயே சுமந்தவர்களுள் தென் கொரியாவின் சோன் ஹியுங்-மின் முதன்மையானவர். அவர் அப்போது லண்டன் நகரின் டோட்டன்ஹாம் கழகத்தில் ஆடினார். 2018 ஜூனில் ரஷ்யாவில் உலகக் கோப்பை; ஜூன் 27ஆம் நாள் ஜெர்மனியை வென்ற ஆட்டத்தில் கோல் அடித்தார். ஆகஸ்டில் கழகத்தின் முதல் லீக் ஆட்டத்தில் பங்கேற்றுவிட்டு இந்தோனேசியாவுக்குப் பறந்தார். அங்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. செப்டம்பர் 1ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் கொரியா கூடுதல் நேரத்தில் ஜப்பானை 2-1 என்று வென்றது. அங்கிருந்து கொரியா சென்று, 7, 11 ஆகிய நாட்களில் நாட்டு அணிக்கு இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடினார். பின்னர் லண்டன் திரும்பினார்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஆட்டக்காரரை விடுவிக்க வேண்டுமென்று கழகத்தைக் கட்டாயப்படுத்தும் விதி இல்லை. ஆனால் அந்தத் தங்கப் பதக்கம் சோனுக்கு ஒரு பதக்கம் மட்டுமன்று. கொரிய ஆண்கள் அனைவரும் ஆற்ற வேண்டிய, ஏறத்தாழ இரண்டாண்டு இராணுவப் பணியிலிருந்து விலக்குத் தரும் சீட்டு அது. கழகம் அவரை அனுப்ப இசைந்தது. அதற்கு ஈடாக, நவம்பர் மாத நட்பு ஆட்டங்களுக்கும், 2019 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் அவரைக் கோருவதில்லை என்று கொரியக் கால்பந்துச் சங்கம் ஒப்புக்கொண்டது. ஓர் ஆட்டக்காரரின் உடல் எத்தனை நாள் யாருக்கு உரியது என்பதை இரு தரப்பும் எழுதிப் பிரித்துக்கொண்டன.

2019 ஜனவரி 13ஆம் நாள் சோன் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கெதிராக லண்டனில் ஆடினார். மூன்றாம் நாள், 16ஆம் தேதி, அபுதாபியில் சீனாவுக்கெதிரான ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே களம் இறக்கப்பட்டார். கொரியா 2-0 என்று வென்றது. அவரை உடனே இறக்கியது சரியா என்ற கேள்வி வெற்றிக்குப் பின்னும் ஓயவில்லை. அடுத்து பஹ்ரைனுக்கெதிரான ஆட்டம் கூடுதல் நேரம் வரை நீண்டது. 25ஆம் நாள் கால் இறுதியில் கத்தாரிடம் 1-0 என்று தோற்றுக் கொரியா வெளியேறியது. அப்போட்டியில் சோன் ஒரு கோலும் அடிக்கவில்லை. லண்டன் திரும்பியவர் 30ஆம் நாள் வாட்ஃபோர்டுக்கெதிராகக் கோல் அடித்தார். பிப்ரவரி 2ஆம் நாள் நியூகாசிலுக்கெதிராக வெற்றிக் கோலையும் அடித்தார்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கொண்டு, களைப்பு என்பதெல்லாம் வீண் பேச்சு என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் நிற்காது. ஒருவரின் தாங்குதிறன் எல்லோர்க்கும் விதியாகிவிடாது. மேலும், கோல் கணக்கில் களைப்பின் கணக்கு முழுவதும் தெரிவதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ‘ஃபிஃப்புரோ’ 2019இல் வெளியிட்ட அறிக்கை, 2018-19 பருவத்தில் சோன் 78 ஆட்டங்கள் ஆடி, 1,10,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ததைச் சுட்டிக் காட்டியது. அதே கழகத்தில், அதே ஊதியப் பட்டியலில் இருந்த இங்கிலாந்து ஆட்டக்காரர் தம் நாட்டுக்காக ஆடச் சில மணி நேரம் பேருந்தில் சென்றால் போதும். பயிற்சித் திடலில் இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நேர்மையாகத் தோன்றும். உண்மையில் அது நேர்மையன்று.

கழகத்தின் கணக்கு

கழகப் பயிற்சியாளரின் நிலையையும் பார்க்க வேண்டும். தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றில் 10 அணிகள் உள்ளன. 2026 போட்டிக்காக ஒவ்வொன்றும் 18 ஆட்டங்கள் ஆடின. ஓர் இடைவேளைக்கு இரண்டு ஆட்டம் என ஒன்பது இடைவேளைகள். அத்தனைக்கும் அழைக்கப்பட்ட ஐரோப்பிய ஆட்டக்காரர் அட்லாண்டிக் பெருங்கடலை 18 முறை கடந்தாக வேண்டும். லண்டனுக்கும் சாவோ பாவ்லோவுக்கும் இடைத் தொலைவு ஏறத்தாழ 9,500 கிலோமீட்டர். மொத்தத்தில் பூமியை நான்கு முறை சுற்றிவரும் தொலைவு அது. அங்கே இறங்கிய பின்னும் பயணம் முடிவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள லா பாஸ் நகரில் ஆட வேண்டி வரலாம். அங்குதான் 2009 ஏப்ரல் 1ஆம் நாள், மரடோனாவின் பயிற்சியில் இருந்த அர்ஜென்டினா, மெஸ்ஸி ஆடியும், பொலிவியாவிடம் 6-1 என்று தோற்றது.

2021 அக்டோபர் 14 வியாழன் இரவு மனாவ்ஸ் நகரில் பிரேசில் உருகுவேயை எதிர்கொண்டது. ஆட்டம் முடிந்தபோது இங்கிலாந்தில் வெள்ளிக்கிழமை அதிகாலை. சனிக்கிழமை நண்பகல் 12.30க்கு லிவர்பூல் கழகத்துக்கு வாட்ஃபோர்டில் லீக் ஆட்டம். பிரேசில் அணியிலிருந்த கோல்காப்பாளர் அலிசனும் நடுக்கள ஆட்டக்காரர் ஃபாபின்ஹோவும் அதற்கு வந்து சேர்ந்தாலும் ஆடும் நிலையில் இருக்கமாட்டார்கள் என்பது தெளிவு. பயிற்சியாளர் யூர்கன் கிளாப் அவர்களை அந்த ஆட்டத்திலிருந்து விலக்கினார். செவ்வாய்க்கிழமை ஐரோப்பியப் போட்டி மாட்ரிட் நகரில் இருந்ததால், இருவரும் நேரே ஸ்பெயினுக்குச் சென்றனர். வாட்ஃபோர்டில் அயர்லாந்தைச் சேர்ந்த கெல்லஹர் கோல் காத்தார். அந்த முறை பிரேசில் அணிக்குச் செல்லாத ஃபிர்மினோ மூன்று கோல் அடித்தார். லிவர்பூல் 5-0 என்று வென்றது. மாட்ரிட்டில் அலிசன் களம் இறங்க, அங்கும் 3-2 என்று வென்றது.

இது நன்கு திட்டமிட்ட தேர்வு. ஆனால் இரண்டு சிறந்த கோல்காப்பாளர்களை வைத்திருக்கும் செல்வக் கழகத்துக்கே இது இயலும். சிறிய கழகம் களைத்தவரையே இறக்கும். அல்லது அடுத்த முறை ஆட்டக்காரரை விலைக்கு வாங்கும்போது, தொலைதூர நாட்டவரை வாங்கத் தயங்கும். வெளியில் சொல்லப்படாத இத்தயக்கமே தொலைவின் மிகக் கொடிய விளைவு. திறமையில் சமமான இருவருள், பிறந்த ஊர் அருகில் இருப்பவர் இடம் பெறுகிறார். தொலைவில் பிறந்தவர் தம் நாட்டின் அழைப்பை மறுத்தால் ஊரில் பழி. ஏற்றால் கழகத்தில் இடம் பறிபோகும் அச்சம்.

பயணத்தையே மேற்கொள்ள முடியாத ஒருவரும் உண்டு. நெதர்லாந்தின் டென்னிஸ் பெர்க்காம்ப், 1994 உலகக் கோப்பைக் காலத்துக்குப் பின் விமானம் ஏறுவதையே விட்டுவிட்டார். 1995இல் ஆர்சனல் கழகத்தில் சேர்ந்து 2006 வரை ஆடினார். நிலவழியாகச் சென்று சேர முடியாத ஐரோப்பிய ஆட்டங்களில் அணி அவரின்றியே ஆடியது. சொந்த மண்ணிலும் பெல்ஜியத்திலுமாக நடந்த 2000 ஐரோப்பியக் கோப்பையோடு நாட்டு அணியிலிருந்து விலகினார். அடுத்த உலகக் கோப்பை நடக்கவிருந்த இடங்கள் ஜப்பானும் கொரியாவும். அந்த மாபெரும் ஆட்டக்காரரின் வாழ்வில் தொலைவு ஒரு கதவாகவே நின்றது. அக்குறையோடும் அவருக்கென்று ஓர் இடத்தை ஒரு கழகம் பதினோராண்டு காத்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

பணத்தால் குறுகும் தொலைவு

தொலைவு நாட்களால் அளக்கப்படுவது போலவே பணத்தாலும் அளக்கப்படுகிறது. ஆஸ்திரேலியா 1974க்குப் பின் உலகக் கோப்பையைக் காணாமல் ஏங்கியிருந்த நாடு. 2001 நவம்பரில் உருகுவேயோடு இரண்டு ஆட்டங்கள். மெல்போர்னில் 1-0 என்று வென்று, ஐந்தே நாளில் மொன்டெவிடியோவில் 3-0 என்று தோற்றது. சிட்னிக்கும் மொன்டெவிடியோவுக்கும் இடையே ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர். இரவும் பகலும் முற்றிலும் இடம் மாறும் நேர வேறுபாடு.

2005இல் அதே உருகுவே மீண்டும் எதிரில் நின்றது. நவம்பர் 12ஆம் நாள் மொன்டெவிடியோவில் 1-0 என்று தோல்வி. 16ஆம் நாள் சிட்னியில் மறு ஆட்டம். இம்முறை ஆஸ்திரேலியக் கால்பந்துச் சங்கம் தனி விமானம் ஒன்றை அமர்த்தியிருந்தது. ஆட்டக்காரர்கள் காலை நீட்டிப் படுக்க இடமும், தசை பிடித்துவிட மேசைகளும், தக்க உணவும் அதிலேயே இருந்தன. வந்து இறங்கிய அணி சிட்னியில் 1-0 என்று முன்னிலை பெற்று, பெனால்டி உதைகளில் 4-2 என்று வென்றது. 32 ஆண்டு ஏக்கம் தீர்ந்தது. பயிற்சியாளர் ஹிட்டிங்கின் நுட்பமும், கோல்காப்பாளர் ஷ்வார்சரின் கைகளும் அவ்வெற்றிக்குக் காரணம். அந்த விமானத்துக்கும் அதில் ஒரு பங்குண்டு.

தனி விமானம் அமர்த்த இயலாத நாடுகளின் நிலை வேறு. 1993 ஏப்ரல் 27ஆம் நாள், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்காகச் செனகலுக்குப் புறப்பட்ட ஜாம்பியா அணி இராணுவச் சரக்கு விமானம் ஒன்றில் சென்றது. இடையிடையே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஆப்பிரிக்கக் கண்டத்தைக் கடக்க வேண்டிய விமானம் அது. காபோன் நாட்டின் லிப்ரவில் நகரிலிருந்து மேலெழுந்த சற்று நேரத்தில் கடலில் வீழ்ந்தது. 18 ஆட்டக்காரர் உட்பட 30 பேரும் மாண்டனர். ஐரோப்பாவில் ஆடிய கலூஷா புவால்யா தனியே செனகல் வந்து சேர இருந்ததால் உயிர் பிழைத்தார். 2012இல் அதே லிப்ரவில் நகரில் ஜாம்பியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. ஆட்டக்காரரின் பயணத்தைச் செலவுக் கணக்காக மட்டும் பார்ப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நாட்காட்டியில் ஒரு திருத்தம்

நாட்டு அணிக்குச் சென்ற ஆட்டக்காரர், குறித்த காலம் முடிந்து 24 மணி நேரத்தில் கழகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஆட்டம் வேறு கண்டக் கூட்டமைப்பின் எல்லையில் நடந்திருந்தால் 48 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. இது ஃபிஃபாவின் விதி. தொலைவில் இருந்து வருபவருக்கு உலகக் கால்பந்துச் சட்டம் அளித்த சலுகை அந்த ஒரு நாள்தான். எட்டு மணி நேர வேறுபாட்டுக்கு உடல் கேட்பது ஒரு வாரம்.

கழகங்களின் முறையீடும் முற்றிலும் தூயதன்று. ஆட்டக்காரர் நாட்டுக்காகப் பறப்பதைக் குறை கூறும் கழகங்களே, வருவாய்க்காக அவர்களை ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கூட்டிச் செல்கின்றன. 2024 மே 19ஆம் நாள் இங்கிலாந்து லீக் பருவம் முடிந்தது. 22ஆம் நாள் டோட்டன்ஹாமும் நியூகாசிலும் மெல்போர்னில் ஒரு நட்பு ஆட்டம் ஆடின. பூமியின் மறு கோடிக்கு மூன்று நாளில் சென்று ஆடியது எந்தக் கோப்பைக்காகவும் அன்று.

ஆயினும் நல்ல மாற்றம் ஒன்றும் நிகழ்ந்துள்ளது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தனித்தனியே இருந்த இரு இடைவேளைகளை, 2026 முதல், 16 நாட்களும் 4 ஆட்டங்களும் கொண்ட ஒன்றாக இணைக்க ஃபிஃபா முடிவு செய்தது. இருமுறை கண்டம் தாண்டுவது ஒருமுறையாகக் குறைகிறது. முதல் ஆட்டத்தில் உள்ளூர் ஆட்டக்காரரை இறக்கி, உடல் பழகியபின் மற்றவரை இறக்கும் வாய்ப்பு பயிற்சியாளருக்குக் கிடைக்கிறது. புதிய மருந்தோ கருவியோ இன்றி, நாட்களை அடுக்கும் முறையை மாற்றியதாலேயே கிடைத்த நன்மை இது.

இன்னும் செய்யத்தக்கவை சில உண்டு. தொலைவிலிருந்து வருபவரை இரண்டு ஆட்டத்துள் ஒன்றுக்கு மட்டும் அழைப்பதை நாட்டு அணிகள் இழிவாகக் கருதலாகாது. திரும்பிய வாரத்தில் ஆட்டக்காரர் ஓய்வு கேட்டால், கழகங்கள் அதை ஊக்கக் குறைவு என்று குறித்துவைக்கலாகாது. சனி நண்பகல் ஆட்டத்தை, ஏழு கடல் தாண்டி வந்தோர் நிறைந்த அணிக்கு ஒதுக்குமுன் லீக் அமைப்புகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். வந்தவர் எத்தனை கிலோமீட்டர் கடந்தார் என்று கேட்பதைவிட, அவருடைய உடல் இப்போது எந்த ஊர் நேரத்தில் இருக்கிறது, எத்தனை இரவுகள் உறங்கினார் என்று கேட்பதே தேர்வாளருக்குப் பயன் தருவது.

பார்வையாளர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தவறவிடும்போது எழும் ஏளனக் குரல், அவர் முந்தாநாள் எந்தக் கண்டத்தில் இருந்தார் என்பதை அறிந்த பின் சற்றுத் தணியக்கூடும். ஊதியம் மிகுதியாகப் பெறுகிறார் என்பதால் அவருடைய உடல் வேறு விதியால் இயங்குவதில்லை. பிழைப்பு ஓரிடத்திலும் பிறந்த மண் வேறிடத்திலுமாக அமைந்தவர்கள் இன்று உலகெங்கும் பெருகியிருக்கிறார்கள். கால்பந்தாட்டக்காரர் அவர்களுள் ஒருவர். ஊர் அழைக்கும்போது போக வேண்டும் என்னும் கடமையையும், போய் வந்தபின் தம் இடம் இருக்க வேண்டுமே என்னும் கவலையையும் ஒருசேரச் சுமப்பவர். போய் வருவதற்குரிய நாட்களை அவருக்கு அளித்துவிட்டு, அதன்பின் அவருடைய ஆட்டத்தை மதிப்பிடுவதே முறை.